அப்பா இல்லை, அம்மா போய்விட்டார்: ஆச்சியிடம் வளரும் பிள்ளைகளை ஹோமில் சேர்க்கத்தான் வேண்டுமா?

தென்காசித்தூறல் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.

எங்கள் தெருவில் ஒரு ஆச்சி இருக்கிறார், வயது அறுபத்தைந்துக்கு மேல். மகன் போன வருடம் பைக் விபத்தில் இறந்துவிட்டார். மருமகள் கொஞ்ச காலம் இருந்து பார்த்தார், அப்புறம் கேரளாவுக்கு வேலைக்குப் போவதாகச் சொல்லிப் போனவர் போன் நம்பரையும் மாற்றிவிட்டார். இரண்டு பிள்ளைகள். பெரியவள் எட்டாம் வகுப்பு, சின்னவன் மூன்றாம் வகுப்பு. இரண்டு பேரும் [ஊர்ப்பெயர், பள்ளிப்பெயர் நீக்கப்பட்டன: மட்டுறுத்துநர்] அரசுப் பள்ளி. ஆச்சி பீடி சுற்றித்தான் குடும்பம் ஓடுகிறது. முதியோர் உதவித்தொகை வருகிறது. சாயங்காலம் என்னிடம் டியூஷனுக்கு வருவதால் பிள்ளைகளை நன்றாகத் தெரியும். பெரியவள் படிப்பில் கெட்டி.

இப்போது சென்னைப் பக்கம் ஒரு டிரஸ்ட் ஆள் வந்து, பிள்ளைகளைத் தங்கள் ஹோமில் சேர்த்தால் சாப்பாடு, துணி, இங்கிலீஷ் மீடியம் எல்லாம் இலவசம் என்கிறார். பையனுக்கு ஒரு இடம், பெண்ணுக்கு வேறு இடமாம். சொந்தக்காரர்கள் எல்லாம் 'அனுப்பிவிடு, நீ இன்னும் எத்தனை நாளைக்கு' என்று ஆச்சியைப் போட்டு அழுத்துகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கையெழுத்து வாங்க வருகிறாராம். பெண்பிள்ளை தம்பியைப் பிரிய மாட்டேன் என்று அழுகிறாள்.

வீட்டிலேயே வைத்துப் படிக்க வைக்க ஏதாவது வழி உண்டா? அரசு உதவி என்று ஏதோ இருப்பதாகக் கேள்வி. யாரைப் பார்ப்பது?

புளியமரத்தடி எழுதியது:

என் கருத்து வேறு. மனசைக் கல்லாக்கிக்கொண்டு அனுப்பிவிடுவதுதான் நல்லது. ஆச்சிக்கு நாளை ஒன்று ஆகிவிட்டால் அந்தப் பெண்பிள்ளையின் கதி என்ன? ஊரில் இருந்தால் பதினாறு வயதில் எவனாவது மாமன் மகனுக்குக் கட்டி வைத்துவிடுவார்கள். வெளியே போனால் படிப்பாவது மிஞ்சும். அரசு உதவி என்று அலைந்தால் செருப்புதான் தேயும்.

மட்டுறுத்துநர் எழுதியது:

இழையைத் தொடங்கியவருக்கு: ஊர்ப்பெயரையும் பள்ளியின் பெயரையும் நீக்கியிருக்கிறோம். இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 74-இன்படி, பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையை அடையாளம் காட்டும் எந்த விவரத்தையும் வெளியிடக் கூடாது. பெயர், முகவரி, பள்ளி, படம் எதுவும் வேண்டாம். நல்ல எண்ணத்தில் போட்டாலும் அதே விதிதான். மற்றவர்களும் கவனிக்கவும்.

பழைய களப்பணி எழுதியது:

வேறொரு மாவட்டத்தில் அரசின் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் சமூகப் பணியாளராகச் சில வருடம் இருந்தேன். தெரிந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாக இருக்கும்.

முதல் விஷயம், ஞாயிற்றுக்கிழமை எதிலும் கையெழுத்து போட வேண்டாம் என்று ஆச்சியிடம் சொல்லுங்கள். பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளைகளை வைத்திருக்கும் எந்த இல்லமும் அந்தச் சட்டத்தின் 41-ஆவது பிரிவில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவில்லாமல் நடத்தினால் ஓராண்டு வரை சிறையோ, ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும். முக்கியமாக, இன்ன பிள்ளை இன்ன இல்லத்தில் சேரட்டும் என்று முடிவு செய்வது குழந்தைகள் நலக்குழுதான். ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள் உள்ள குழு, அதில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும். நீதித்துறை நடுவருக்கு உள்ள அதிகாரம் அதற்கு உண்டு. வீடு தேடி வந்து பாட்டியிடம் கையெழுத்து வாங்கிப் பிள்ளையை வேனில் ஏற்றிக்கொண்டு போவதற்குச் சட்டத்தில் இடமே இல்லை. வருகிறவரிடம் பதிவுச் சான்றைக் கேளுங்கள், நலக்குழுவின் ஆணை எங்கே என்று கேளுங்கள். ஒழுங்கான இல்லமாக இருந்தால் அவரே 'குழு முன்னால் வாருங்கள்' என்பார்.

இரண்டாவது, நீங்கள் கேட்ட உதவி. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் நிதி ஆதரவு என்று ஒன்று இருக்கிறது, அலுவலகத்தில் ஸ்பான்சர்ஷிப் என்றால்தான் புரியும். பிள்ளை ஒன்றுக்கு மாதம் 4,000 ரூபாய். முன்பு 2,000 ஆக இருந்தது, 2022-இல் உயர்த்தினார்கள். 60 பங்கு மத்திய அரசு, 40 பங்கு மாநில அரசு. கிராமப்புறமானால் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000, நகர்ப்புறமானால் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். பெற்றோரை இழந்து உறவினரிடம் வளரும் பிள்ளைகள், கணவனை இழந்த அல்லது கைவிடப்பட்ட தாயின் பிள்ளைகள், பெற்றோர் தீராத நோயில் படுத்துவிட்ட பிள்ளைகள் எல்லாம் இதில் வருவார்கள்.

தமிழ்நாடு அரசு 2025 செப்டம்பர் 15 அன்று 'அன்புக் கரங்கள்' என்று தனியாக ஒரு திட்டம் தொடங்கியது. மாதம் 2,000, பதினெட்டு வயது வரை. இரண்டு பெற்றோரையும் இழந்தவர்களுக்கு மட்டும் அது என்று பலர் நினைக்கிறார்கள். ஒருவர் இறந்து இன்னொருவர் விட்டுப் போயிருந்தாலும் பொருந்தும். இந்தப் பிள்ளைகள் நிலை அதேதான். இரண்டில் எது என்பதை அலகில் பார்த்துச் சொல்வார்கள், நீங்கள் மனுவில் நிலைமையை மட்டும் தெளிவாக எழுதுங்கள்.

மூன்றாவது, இதை யாரும் சொல்லித் தர மாட்டார்கள். அப்பா விபத்தில்தானே இறந்தார்? அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ படிக்கும் பிள்ளையின் வருவாய் ஈட்டும் தாய் அல்லது தந்தை விபத்தில் இறந்தால் 75,000 ரூபாய் பிள்ளையின் பெயரில் முதலீடு செய்து அதைப் படிப்புக்குப் பயன்படுத்தும் திட்டம் பள்ளிக்கல்வித் துறையில் இருக்கிறது. தலைமையாசிரியர் வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்று வேண்டும். பல பள்ளிகளில் தலைமையாசிரியருக்கே இது நினைவில் இருக்காது, நீங்கள்தான் போய்ச் சொல்ல வேண்டும்.

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகைத் தேட வேண்டுமானால் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் விசாரியுங்கள். நேரில் போக முடியாவிட்டால் குழந்தைகள் உதவி எண் 1098.

புளியமரத்தடி எழுதியது:

காகிதத்தில் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். 4,000 ரூபாய் வந்தால் அந்த வீட்டில் ஒரு சித்தப்பா இருப்பார், நேராக டாஸ்மாக்குக்குப் போகும். எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறேன்.

பழைய களப்பணி எழுதியது:

அந்தப் பயம் நியாயமானதுதான். பணம் பிள்ளையின் வங்கிக் கணக்கில் ஏறும், கையில் தருவதில்லை. பிள்ளை ஒழுங்காகப் பள்ளிக்குப் போகிறதா என்று பார்ப்பார்கள், போகவில்லை என்றால் நிறுத்திவிடலாம். ஆனாலும் பணத்தை எடுக்கிற கை யாருடையது என்பது முக்கியம். எங்கள் மாவட்டத்தில் ஏடிஎம் அட்டையைத் தாய்மாமன் வாங்கி வைத்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். அதைக் கண்டுபிடித்தது நாங்கள் இல்லை, அங்கன்வாடிப் பணியாளர். பக்கத்தில் ஒரு கண் இருந்தால்தான் எந்தத் திட்டமும் வேலை செய்யும்.

ஒன்று கேட்கிறேன். சித்தப்பா குடிப்பார் என்பதற்காகப் பிள்ளைகளை வீட்டைவிட்டு அனுப்புவது எந்த ஊர் நியாயம்?

ஹோமில் வளர்ந்தவன் எழுதியது:

எல்லோரும் ஹோம் என்றாலே பேய் வீடு மாதிரி பேசுகிறீர்கள். நான் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை ஒரு இல்லத்தில்தான் வளர்ந்தேன். மூன்று வேளை சாப்பாடு, நேரத்துக்குப் படிப்பு, கண்டிப்பான ஆனால் நல்ல வார்டன். இன்றைக்கு ஓசூரில் ஒரு கம்பெனியில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். வீட்டில் இருந்திருந்தால் ஏதாவது செங்கல் சூளையில் இருந்திருப்பேன், அது நிச்சயம்.

ஆனால் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். என் அம்மா உயிரோடுதான் இருந்தார். என்னோடு இருந்தவர்களில் பாதிக்கு மேல் அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருந்தவர்கள். 'அநாதை இல்லம்' என்று வெளியே பலகை. உள்ளே இருந்ததெல்லாம் வறுமையால் வந்து சேர்ந்த பிள்ளைகள். அம்மா தீபாவளிக்கு ஒரு முறை வருவார். அந்த 4,000 ரூபாய் அப்போது அம்மா கைக்குக் கிடைத்திருந்தால் நான் போயிருக்க மாட்டேன். போகாமல் இருந்திருந்தால் படித்திருப்பேனா? அதற்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல முடிகிறது.

அக்காவையும் தம்பியையும் தனித்தனி ஊரில் போடுவது மட்டும் வேண்டாம். நானும் என் தங்கையும் அப்படிப் பிரிந்தவர்கள். இன்றைக்கும் போனில் பேசினால் என்ன பேசுவது என்று இரண்டு பேருக்கும் தெரிவதில்லை.

கணக்குப்பிள்ளை எழுதியது:

மேலே நண்பர் சொன்னது முக்கியம். சட்டமும் இதைத்தான் சொல்கிறது. பிள்ளை வளர வேண்டிய முதல் இடம் அதன் குடும்பம், இல்லத்தில் சேர்ப்பது வேறு வழியே இல்லாதபோது கடைசியாக. 2015 சட்டத்தில் அடிப்படைக் கொள்கையாகவே எழுதி வைத்திருக்கிறார்கள்.

இல்லங்களைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2017 மே மாதம் ஒரு பெரிய தீர்ப்பு கொடுத்தது. நீதிபதி மதன் லோகூர் எழுதியது. அந்த வழக்கின் பெயரிலேயே தமிழ்நாடு இருக்கிறது, மாமல்லபுரம் பக்கம் இல்லங்களில் பிள்ளைகள் சீரழிக்கப்பட்டதாக 2007-இல் வந்த செய்தியிலிருந்து தொடங்கிய வழக்கு. நாடு முழுவதும் எல்லா இல்லங்களையும் பதிவு செய்ய வேண்டும், பிள்ளைகளின் கணக்கு வைக்க வேண்டும் என்பதெல்லாம் அதில்தான் அழுத்தமாக வந்தது. ஆகவே டிரஸ்ட் ஆளிடம் பதிவுச் சான்று கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

இன்னொன்று, ஹோம் வேறு, அரசு விடுதி வேறு. ஆதிதிராவிடர் நலம், பிற்படுத்தப்பட்டோர் நலம் போன்ற துறைகள் நடத்தும் மாணவர் விடுதிகளுக்கு 2025-இல் 'சமூகநீதி விடுதி' என்று பெயர் மாற்றினார்கள். பெண்பிள்ளை மேல்நிலைப் படிப்புக்கு வெளியூர் போக நேர்ந்தால் அது ஒரு வழி. லீவுக்கு லீவு வீட்டுக்கு வரலாம். பாதுகாப்பு யாரிடம் என்ற கேள்வியே அதில் எழாது.

மட்டுநகர் வாவி எழுதியது:

நான் இலங்கை, மட்டக்களப்பு. எங்கட பக்கம் இதே கதையை வேறு விதமாகப் பார்க்கிறோம். இங்கே தாய்மார் வீட்டு வேலைக்கு மத்திய கிழக்குக்குப் போகிறார்கள், பிள்ளைகள் அம்மம்மாவிடம். இதற்காகவே 2013-இல் குடும்பப் பின்னணி அறிக்கை என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள், சிறுபிள்ளை உள்ள தாய் போகக் கூடாது என்று. பெண்களை மட்டும் ஏன் கேட்கிறீர்கள், தகப்பன் எங்கே என்று அதன் மேல் நிறைய விமர்சனம் வந்தது, அது நியாயமான விமர்சனம்.

நான் சொல்ல வந்தது வேறு. இங்கே ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர் ஒருவர் இருக்கிறார். நன்னடத்தை மற்றும் சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தின் ஆள். குறை எவ்வளவோ உண்டு, ஆனால் பிரதேச செயலகம் பஸ்ஸில் போய் வரக்கூடிய தூரம். அம்மம்மா நேரே போய் உட்கார்ந்துவிடலாம். அவசரமென்றால் சிறுவர் உதவி எண் 1929. உங்களுக்கு மாவட்டத் தலைநகருக்கே போக வேண்டும் என்றால் அந்த வயதில் எப்படி? கிராமத்தில் ஒருவரும் இல்லையா?

பழைய களப்பணி எழுதியது:

நல்ல கேள்வி. கிராமத்துக்கு என்று குழந்தைகள் பாதுகாப்புக் குழு உண்டு, ஊராட்சித் தலைவர்தான் அதன் தலைவர். அங்கன்வாடிப் பணியாளர், பள்ளித் தலைமையாசிரியர் எல்லாம் உறுப்பினர்கள். நடக்கிற இடத்தில் அருமையாக நடக்கிறது, நடக்காத இடத்தில் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து மட்டும் இருக்கும். தூறல் அக்கா, உங்கள் ஊரில் எது என்று போய்ப் பாருங்கள். ஊராட்சித் தலைவரிடமிருந்து ஒரு பரிந்துரைக் கடிதம் வாங்கினால் அலகில் வேலை வேகமாகும்.

உண்மையைச் சொன்னால் தமிழ்நாட்டில் கிராமத்துக்கு நெருக்கமாக இருக்கிற ஆள் அங்கன்வாடி அக்காதான். 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம், இன்றைக்கு மாநிலத்தில் 54,000-க்கு மேல் மையங்கள். எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை, எந்த வீட்டில் பெண் பார்க்க வந்தார்கள் என்று அவருக்குத் தெரியும். ஆனால் வேலைப் பளு ஏற்கெனவே கழுத்து வரை. தெரிந்தாலும் மாவட்ட அலுவலகம் வரை அழைத்துப் போக அவருக்கு நேரமும் கிடையாது, பஸ் காசும் யாரும் தர மாட்டார்கள்.

தென்காசித்தூறல் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நிறைய தெரிந்துகொண்டேன். டிரஸ்ட் ஆளிடம் நலக்குழு ஆணை கேட்டோம். 'அதெல்லாம் பிறகு வாங்கிக்கொள்ளலாம்' என்றார். சரி, வாங்கிக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டோம்.

இப்போது ஆச்சிக்கு வேறு பயம். நலக்குழுவிடம் போனால் 'உனக்கு வயசாகிவிட்டது' என்று அவர்களே பிள்ளைகளைப் பிடித்து ஹோமில் போட்டுவிடுவார்களோ என்கிறார். தெருவில் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள்.

அப்புறம் வங்கிக் கணக்கு. அரசுடைமை வங்கி ஒன்றில் போய்க் கேட்டேன். பாட்டி கார்டியன் ஆக முடியாது, அப்பா அல்லது அம்மா வர வேண்டும், இல்லாவிட்டால் கோர்ட் ஆர்டர் வேண்டும் என்கிறார்கள். அம்மா எங்கே என்று எங்களுக்கே தெரியாது.

பழைய களப்பணி எழுதியது:

ஆச்சியின் பயம் எல்லா ஊரிலும் இருக்கிறது. நான் வேலையில் இருந்தபோது எங்கள் ஜீப் தெருவில் நுழைந்தாலே கதவைச் சாத்துவார்கள். நடக்கிற முறையைச் சொல்கிறேன். குழு முன்னால் போனதும் சமூக விசாரணை அறிக்கை கேட்பார்கள், பதினைந்து நாளில் முடிக்க வேண்டும். சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து பார்ப்பார், பிள்ளைகளிடம் தனியாகப் பேசுவார், பள்ளியில் கேட்பார். அந்த நேரத்தில் பெண்பிள்ளை 'எனக்கு ஆச்சியோடு இருக்கத்தான் விருப்பம்' என்று சொன்னால் அது பதிவாகும். பிள்ளையின் பேச்சைக் கேட்க வேண்டும் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. இறுதி ஆணை நான்கு மாதத்துக்குள் வர வேண்டும். உறவினர் வீடு பாதுகாப்பானது என்றால் அங்கேயே விட்டு, ஆச்சியைத் தகுதியான நபர் என்று குறித்து ஆணை போடலாம். அந்த ஆணை கையில் இருந்தால் நாளைக்கு எந்த டிரஸ்ட் ஆளும் வாசலுக்கு வர மாட்டான், வங்கியிலும் பேச்சு மாறும்.

ஆச்சிக்கு உடம்பு முடியாமல் போனால் யார் என்று குழு கட்டாயம் கேட்கும். அத்தையோ பெரியம்மாவோ யாராவது ஒருவரை இப்போதே பேசி வையுங்கள், முடிந்தால் அன்றைக்குக் கூடவே அழைத்துப் போங்கள். இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் போகிற தாத்தா பாட்டிகள்தான் திணறுகிறார்கள்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

வங்கி விஷயத்துக்கு நான் பதில் சொல்கிறேன், இருபது வருடம் அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன்.

பெரியவளுக்குச் சிக்கலே இல்லை. பத்து வயது நிறைந்த பிள்ளை தன் பெயரில் தானே சேமிப்புக் கணக்கு தொடங்கி இயக்கலாம் என்று ரிசர்வ் வங்கி அனுமதித்திருக்கிறது. 2014-இலேயே உண்டு, 2025-இல் மறுபடியும் தெளிவாக்கிச் சுற்றறிக்கை விட்டார்கள். எவ்வளவு தொகை வரை, ஏடிஎம் அட்டை உண்டா இல்லையா என்பதெல்லாம் வங்கிக்கு வங்கி மாறும். கவுண்டரில் 'முடியாது' என்றால் மேலாளரிடம் போங்கள், 2025 சுற்றறிக்கை என்று சொல்லுங்கள். பாதிப் பேருக்குத் தெரியாது, தெரிந்தவுடன் செய்துவிடுவார்கள்.

சின்னவனுக்குத்தான் சிக்கல். பத்துக்குக் கீழே என்றால் இயற்கைப் பாதுகாவலர், அதாவது அப்பா அல்லது அம்மா, இல்லையென்றால் சட்டப்படியான பாதுகாவலர் வேண்டும். வங்கிக்காரர் சொன்னது அந்த அளவுக்குச் சரிதான். முழுப் பாதுகாவலர் உரிமைக்கு 1890-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும், அது நீண்ட வழி. முதலில் நலக்குழு ஆணையின் நகலையும் அலகிலிருந்து ஒரு கடிதத்தையும் காட்டிப் பாருங்கள். பல கிளைகள் ஏற்றுக்கொள்ளும். கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும் என்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வக்கீல் இலவசம், வருமானம் எவ்வளவு என்றுகூடப் பார்க்க மாட்டார்கள். தொலைபேசி 15100.

போவதற்கு முன்னால் ஆதாரைப் பாருங்கள். ஐந்து வயதில் கைரேகை புதுப்பித்தார்களா? இல்லாவிட்டால் கணக்கு தொடங்கினாலும் பணம் ஏறாமல் திரும்பிப் போகலாம். ரேஷன் கார்டில் பிள்ளைகள் யார் அட்டையில் இருக்கிறார்கள் என்றும் பாருங்கள். இறந்துபோன அப்பாவின் அட்டையிலேயே இருந்தால் ஆச்சி அட்டைக்கு மாற்றுங்கள், குடும்பம் இதுதான் என்பதற்கு அது ஒரு ஆதாரம்.

தாமிரபரணித் தண்ணீர் எழுதியது:

என் அக்கா கணவரை இழந்தவர், இதே ஸ்பான்சர்ஷிப் வாங்குகிறார். நல்ல திட்டம்தான், ஆனால் யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். மாதம் 4,000 என்றால் ஒன்றாம் தேதி சம்பளம் மாதிரி வரும் என்று நினைக்காதீர்கள். எங்களுக்கு விண்ணப்பம் கொடுத்து ஆணை வரவே ஒரு வருடம் பக்கம் ஆனது. அதன்பிறகும் மாதங்கள் சேர்ந்துதான் மொத்தமாக வருகிறது. நடுவில் கேட்டால் 'நிதி வரவில்லை' என்பார்கள். ஒரு முறை ஃபைலே காணோம் என்றார்கள், எல்லா நகலையும் மறுபடி கொடுத்தோம். அக்கா முதல் வருடம் அந்தப் பணத்தை நம்பி வட்டிக்கு வாங்கிவிட்டுப் பட்டபாடு போதும். வந்தால் வரட்டும் என்று வைத்துக்கொண்டு, அதைப் படிப்புக்கும் மருந்துக்கும் மட்டும் ஒதுக்குங்கள். தினச் செலவுக்கு வேறு வழி பார்க்க வேண்டும்.

எல்லாத் தாளுக்கும் மூன்று செட் நகல். கொடுத்த மனுவுக்கு ரசீதோ சீல் போட்ட நகலோ வாங்காமல் நகராதீர்கள்.

புளியமரத்தடி எழுதியது:

இதைத்தானே நான் முதலிலேயே சொன்னேன்!

பழைய களப்பணி எழுதியது:

புளியமரம் அண்ணே, தாமதமாக வருகிறது என்பதற்காகக் கேட்கவே கூடாது என்றால் எப்படி? தாமதத்துக்குக் காரணம் உண்டு. விண்ணப்பங்களை ஒரு ஒப்புதல் குழு கூடிப் பார்க்க வேண்டும், அது கூட நாளாகும். நிதியோ இரண்டு அரசுகளிடமிருந்தும் வர வேண்டும், ஒரு பக்கம் தாமதித்தால் மொத்தமும் நிற்கும். அலகில் இருப்பதோ ஒப்பந்த ஊழியர்கள், ஒரு மாவட்டம் முழுக்க விரல்விட்டு எண்ணும் அளவு சமூகப் பணியாளர்கள். நான் வேலையை விட்டதற்கும் அதுதான் காரணம். ஒரே நாளில் காலையில் போக்சோ வழக்குப் பிள்ளை, மதியம் பஸ் ஸ்டாண்டில் கிடைத்த பிள்ளை, மாலையில் குழந்தைத் திருமணம் நிறுத்தப் போக வேண்டும். ஸ்பான்சர்ஷிப் ஃபைல் எப்போதும் கடைசியில்தான் நிற்கும், ஏனென்றால் அதில் யாரும் அழுவதில்லை. அந்தப் பிள்ளைதான் அடுத்த வருடம் பஸ் ஸ்டாண்டில் கிடைக்கிற பிள்ளை என்பது மேலே இருப்பவர்களுக்குத் தெரியாமல் இல்லை.

நீங்கள் பேசிய குழந்தைத் திருமணப் பயத்துக்கும் சொல்கிறேன். பெண்பிள்ளை ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் கல்லூரியில் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. 2022 செப்டம்பர் 5-இல் தொடங்கியது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், 2024-இல் வந்தது. 'இவளைப் படிக்க வைத்தால் காசு வருகிறது' என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிப் பாருங்கள். இப்படிப் பேச எனக்குப் பிடிக்காது, ஆனால் நான் பார்த்தவரை சட்டத்தைச் சொன்னதைவிட இது நன்றாக வேலை செய்தது. அதையும் மீறி ஏற்பாடு நடந்தால் 1098, அல்லது பெண்கள் உதவி எண் 181. யார் சொன்னது என்று வெளியே தெரியாது.

ஹோமில் வளர்ந்தவன் எழுதியது:

களப்பணி சார், 1098-ஐ 2023-இல் அரசே எடுத்துக்கொண்ட பிறகு எப்படி இருக்கிறது? முன்பு தொண்டு நிறுவன அண்ணன்கள் எடுப்பார்கள், எங்கள் இல்லத்துக்கே வந்து பேசுவார்கள்.

பழைய களப்பணி எழுதியது:

ஆமாம், 1996-இல் மும்பையில் தொடங்கிய காலத்திலிருந்து தொண்டு நிறுவனங்கள் வழியாகத்தான் ஓடியது. இப்போது மாவட்ட அளவில் அரசு அமைப்பு, 112 அவசர எண்ணோடு இணைத்துவிட்டார்கள். அவசர மீட்புக்குப் போலீஸ் சீக்கிரம் வருகிறது, அது லாபம். ஒரு பிள்ளை சும்மா தனிமையில் பேசுவதற்குப் போன் செய்யுமே, அந்த அழைப்புகளுக்குப் பழைய பொறுமை இருக்கிறதா என்பதில் எனக்குச் சந்தேகம். எடுக்கிற ஆளைப் பொறுத்தது.

தென்காசித்தூறல் எழுதியது:

நிலவரம் சொல்லிவிடுகிறேன். ஊராட்சித் தலைவி பரிந்துரைக் கடிதம் கொடுத்துவிட்டார். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்தோம். விஏஓ வந்து பார்த்துவிட்டுப் போனார், வருவாய் ஆய்வாளரிடம் (ஆர்ஐ) நிற்கிறது. தலைமையாசிரியர் அந்த 75,000 திட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை என்றார், ஆனால் மறுநாளே படிவத்தை எடுத்து வைத்திருந்தார். நல்ல மனுஷன். விபத்து வழக்கின் நகல் வாங்கத்தான் ஸ்டேஷனுக்கு இன்னும் போக வேண்டும். ஆச்சி தனியாகப் போகப் பயப்படுகிறார், அதனால் பீடி கொடுத்து வாங்கும் நாள் போக மீதி நாளில் நானும் பக்கத்து வீட்டு மதினியும் மாற்றி மாற்றிக் கூடப் போகிறோம். பெண்பிள்ளை கணக்கு தொடங்கியாயிற்று, கணக்குப்பிள்ளை ஐயாவுக்கு நன்றி, சுற்றறிக்கை என்றதும் மேலாளர் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்! நலக்குழு அமர்வுக்கு நாள் கேட்டிருக்கிறோம். பெரிய அத்தை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

மட்டுநகர் வாவி எழுதியது:

கேட்க சந்தோசம் அக்கா. ஒன்று மட்டும், அம்மா திரும்பி வந்தால்? கோபத்தில் கதவைச் சாத்திவிடாதீர்கள். இங்கே பார்த்திருக்கிறேன், கடனுக்குப் பயந்து போனவர்கள் பலர். நலக்குழுவுக்குக் கொடுக்கிற மனுவிலும் 'ஓடிப்போனவள்' என்றெல்லாம் எழுத வேண்டாம், தொடர்பில் இல்லை என்று எழுதினால் போதும். பிள்ளைகள் ஒரு நாள் அந்தத் தாளைப் படிப்பார்கள்.

கரிசல்காட்டுத் தம்பி எழுதியது:

பழைய இழை, இருந்தாலும் கேட்கிறேன். என் சித்தி மகன் ஒரு பதிவு பெற்ற இல்லத்தில் வளர்கிறான். அடுத்த மாதம் பதினெட்டு முடிகிறது. 'பதினெட்டானால் வெளியே போக வேண்டும்' என்று சொல்லிவிட்டார்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறான். அப்பா அம்மா இருவரும் அவன் சிறு வயதிலேயே இறந்துவிட்டார்கள். எனக்கே திருப்பூரில் ஒரு அறைதான், நான்கு பேரோடு. அவனை என்ன செய்வது?

பழைய களப்பணி எழுதியது:

தம்பி, பதினெட்டோடு கதவு மூடுவதில்லை. பின்காப்பு என்று உண்டு, ஆஃப்டர்கேர் என்று கேளுங்கள். இருபத்தொரு வயது வரை, தேவைப்பட்டால் இருபத்துமூன்று வரை நீட்டலாம். அதிலும் மாதம் 4,000 வரை உதவி, தங்குமிடம், தொழிற்பயிற்சி. தானாக வராது, வெளியே வருவதற்கு முன்னால் அலகில் மனுக் கொடுக்க வேண்டும். வெளியே வந்து ஆறு மாதம் கழித்துப் போனால் ஆளையே தேட மாட்டார்கள். இந்த மாதமே போங்கள்.

அவனுக்கென்று தனிநபர் பராமரிப்புத் திட்டம் என ஒரு கோப்பு இல்லத்தில் இருக்க வேண்டும். அதில் பதினெட்டுக்குப் பிறகு என்ன என்று எழுதியிருக்கிறதா என்று கேளுங்கள். எழுதாமல் விட்டிருந்தால் அதையே நலக்குழுவிடம் சொல்லுங்கள்.

ஹோமில் வளர்ந்தவன் எழுதியது:

நான் வெளியே வந்தபோது ஒரு டிரங்குப் பெட்டியும் மார்க் ஷீட்டும்தான் கையில். வாடகைக்கு வீடு கேட்டால் 'அப்பா நம்பர் கொடு' என்பார்கள். ஆகவே தாள்களைச் சொல்கிறேன்: மாற்றுச் சான்று, மதிப்பெண் பட்டியல், பிறப்புச் சான்று, ஆதார், எல்லாம் அசல். இல்லத்தின் போன் எண்ணில் ஆதார் இணைத்திருப்பார்கள், அவன் எண்ணுக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு ஓடிபிக்கும் வார்டனைக் கூப்பிட வேண்டும்.

சாதிச் சான்று மிக முக்கியம். பத்து வயதுக்குள் பெற்றோரை இழந்து, பார்த்துக்கொள்ள வேறு யாரும் இல்லாமல் அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த இல்லத்தில் வளர்ந்த ஆதரவற்றோர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார்கள். பெற்றோரின் சான்று இருந்தால் அதை வைத்தே வாங்கலாம், அதைவிட மேல். எது என்று தாசில்தார் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள், கல்லூரி சேர்க்கைக்கு அது இல்லாமல் நகராது.

ஓசூரில் ஐடிஐ சேர விருப்பம் இருந்தால் எனக்குத் தனி மடல் போடச் சொல்லுங்கள். தங்க இடம் பார்த்துத் தருகிறேன்.

கரிசல்காட்டுத் தம்பி எழுதியது:

மிக்க நன்றி அண்ணா, சார். மாற்றுச் சான்று அசல் இல்லத்தில்தான் இருக்கிறதாம், ஆதாரில் அவர்கள் நம்பர்தான். திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டுப் போகிறேன். அவனுக்கு ஃபிட்டர் படிக்க ஆசை, தனி மடல் அவனே போடுவான். பின்காப்பு மனுவை வெள்ளைத் தாளில் எழுதினால் போதுமா, படிவம் உண்டா?

பழைய களப்பணி எழுதியது:

வெள்ளைத் தாளே போதும். அவன் கைப்பட எழுதட்டும். மேலே தாமிரபரணி சொன்ன மாதிரி சீல் போட்ட நகல் வாங்கிக்கொள்ளுங்கள்.